சுளகு நிறைய மூடிகள்: முன்பள்ளியில் நிறம் சொல்லிக்கொடுப்பது பற்றி

உப்புவெளிப் பக்கம் ஒரு முன்பள்ளியில் இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்த ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “என் வகுப்பில் 4 வயதுப் பிள்ளைகள் 18 பேர். சுவரில் நிற அட்டை தொங்குகிறது. தினமும் காலையில் எல்லோரும் சேர்ந்து சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று பாடுகிறார்கள். ஆனால் ஒரு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு ‘நீலப் பென்சிலை எடுத்துத் தா’ என்றால் கைக்கு வந்ததைத் தருகிறது. பெற்றோர் ஆங்கிலத்திலும் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள். நான் எங்கே பிழை விடுகிறேன்?”

தங்கச்சி, முதலில் மனதைத் தளர விடாதீர்கள். திருகோணமலையில் ஆரம்பப் பிரிவில் 25 வருடத்துக்கு மேல் படிப்பித்தவள் நான். முதல் மூன்று நாலு வருடம் நானும் இதே அட்டையைத் தொங்கவிட்டு இதே பாட்டைத்தான் பாடவைத்தேன். பாட்டில் சிவப்புக்கு அடுத்து மஞ்சள் வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். சிவப்பு எது என்று அந்தப் பாட்டு சொல்லாது. பாட்டை நிறுத்த வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கு அது சந்தோஷம். ஆனால் நிறம் படிப்பித்த கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

பிள்ளைக்கு நிறம் தெரியாமல் இல்லை. பிறந்து நாலைந்து மாதத்திலேயே குழந்தைக்கு நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் சக்தி வந்துவிடுகிறது. வரத் தாமதமாவது சொல். சார்ள்ஸ் டார்வினுடைய பிள்ளைகள் சாமான்களின் பெயரையெல்லாம் சொன்ன பிறகும் நிறத்தின் பெயரில் தடுமாறினார்கள். பிள்ளைகளுக்கு நிறக்குருடு இருக்குமோ என்றே அவர் பயந்துபோனார். பிறகு அது வீண் பயம் என்று தெரிந்துகொண்டு, 1877இல் அதை எழுதியும் வைத்தார். பிள்ளைகளை அவ்வளவு உன்னிப்பாகக் கவனித்த மனிதருக்கே அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது.

ஏன் இந்தச் சொல் மட்டும் கஷ்டம்? ‘கதிரை’ என்றால் கதிரையைத் தொட்டுக் காட்டலாம். நிறத்தைத் தனியாக எடுத்துக் கையில் கொடுக்க முடியாது, அது எப்போதும் ஏதாவது ஒன்றின் மேல்தான் இருக்கும். செவ்வரத்தையைக் காட்டி “சிவப்பு” என்கிறீர்கள். அந்தப் பூவின் பெயரா, அந்த இதழா, பூ இருக்கும் வேலியா, எதற்குச் சிவப்பு என்று பேர் என்பதைப் பிள்ளை தானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு இ.போ.ச. பஸ்ஸைக் காட்டி அதையும் சிவப்பு என்கிறீர்கள். பூவுக்கும் பஸ்ஸுக்கும் என்ன உறவு என்று அந்தச் சின்னத் தலை யோசிக்கிற யோசனையை நாம் கவனிப்பதே இல்லை.

சரி, இதில் நம் கையில் இருக்கிற பெரிய உதவி சொல்லை வைக்கும் இடம். நாம் வழக்கமாக “அந்தச் சிவப்புப் பந்தை எடு” என்போம். ‘சிவப்பு’ காதில் விழும்போது எதைப் பார்ப்பது என்று பிள்ளைக்கு இன்னும் தெரியாது. ‘பந்தை’ என்று வந்ததும் பந்தை எடுத்துவிடும், சிவப்பு வீணாகிவிடும். “பந்தைப் பார். பந்து சிவப்பு” என்று சொல்லிப் பாருங்கள். கண் பந்தில் நிற்கும் நேரத்தில் சிவப்பு என்ற சொல் வந்து சேர்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கல் ராம்ஸ்கரும் கூட இருந்தவர்களும் 2 வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். பொருளின் பெயர் முன்னும் நிறம் பின்னுமாகக் கேட்ட பிள்ளைகள் முன்னேறினார்கள். நிறத்தை முன்னால் கேட்ட பிள்ளைகளிடம் முன்னேற்றம் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு நடுவில் ஒரு வினைச்சொல் வேண்டும். தமிழில் அதுவும் வேண்டாம். “பந்து சிவப்பு.” வாக்கியம் முடிந்தது. “தொப்பியும் சிவப்பு. வாளி சிவப்பில்லை.” அந்த ‘உம்’மும் ‘இல்லை’யும் செய்யும் வேலையைப் பாருங்கள். ஒன்று சிவப்பின் கூட்டத்தில் ஆள் சேர்க்கிறது, மற்றது வேலி போடுகிறது. நிறம் படிப்பிக்க இந்த இரண்டு சொல்லையும் விட நல்ல சாமான் எந்தக் கடையிலும் விற்பதில்லை என்று நான் நம்புகிறேன்.

இப்போது மூடிக் கதைக்கு வருகிறேன். ஒரு வருடம் என்னிடம் ஒரு பையன் இருந்தான். எதைக் காட்டினாலும் “சிவப்பு” என்பான். மல்லிகையும் சிவப்பு, காகமும் சிவப்பு. தாய் அழாத குறை. ஒருநாள் மற்றவர்கள் மணலில் விளையாடப் போன நேரம் அவனோடு பாயில் உட்கார்ந்தேன். வீட்டிலிருந்து கொண்டுபோன சுளகில் போத்தல் மூடிகள், சிவப்பு பத்து, நீலம் பத்து. எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி. பக்கத்தில் இரண்டு சிரட்டை. நான் வாயே திறக்கவில்லை. ஒரு சிவப்பு மூடியை எடுத்து இந்தச் சிரட்டையில் போட்டேன், ஒரு நீல மூடியை அந்தச் சிரட்டையில் போட்டேன். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அது நீலம். அவன் அதை வாங்கி, சிவப்புச் சிரட்டைக்கு மேலே கொண்டுபோனான். என் முகத்தைப் பார்த்தான். நான் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை மெல்ல நகர்ந்து நீலச் சிரட்டைக்குப் போனது. அதன் பிறகு மீதி 17 மூடியையும் ஒரு பிழை இல்லாமல் பிரித்துப் போட்டான், என் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்காமல்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் கண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. “இது என்ன நிறம்?” என்று ஆள் மாற்றி ஆள் கேட்டதில், ‘சிவப்பு’ என்பது அந்தக் கேள்விக்குச் சொல்ல வேண்டிய மறுமொழி என்று மட்டும் பிடித்துவைத்திருக்கிறான். நீலச் சிரட்டையை அவன் பக்கம் தள்ளி, “மூடி நீலம்” என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை இழுத்தெடுத்து என் மடியில் வைத்து, “போத்தலும்?” என்று கேட்டான். போத்தலும் நீலம்தான்.

நீங்களும் மூடி சேர்க்கத் தொடங்குங்கள். பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு கிழமைக்குள் பை நிறையக் கொண்டுவந்து கொட்டுவார்கள். மஞ்சளுக்குத்தான் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். எல்லாம் ஒரே உருவமாக இருப்பது முக்கியம். பெரிய சிவப்புப் பந்தையும் சின்ன நீலப் பெட்டியையும் வைத்தால் பிள்ளை பெரிசு சின்னதைப் பிரிக்கிறதா, உருவத்தைப் பிரிக்கிறதா, நிறத்தைப் பிரிக்கிறதா என்று உங்களுக்கே தெரியாது. மரியா மொன்டிசோரி செய்த நிறப் பலகைகளும் இப்படித்தான். அளவும் வடிவும் ஒன்று, நிறம் மட்டும் வேறு. முதல் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்றே சோடி. இங்கே முன்பள்ளியையே ‘மொன்டிசூரி’ என்றுதான் நம் சனம் சொல்கிறது, ஆனால் அவர் மூன்று சோடியோடு தொடங்கிய இடத்தில் நாம் 12 நிற அட்டையோடு தொடங்குகிறோம்.

சிவப்பையும் நீலத்தையும் முதலில் எடுங்கள். ஒன்றுக்கொன்று தூரமான நிறங்கள், குழப்பம் குறைவு. அப்புறம் மஞ்சள், அப்புறம் பச்சை. செம்மஞ்சளைச் சிவப்புக்குப் பக்கத்திலோ ஊதாவை நீலத்துக்குப் பக்கத்திலோ இப்போதைக்கு வைக்காதீர்கள். பிரித்துப் போடப் பழகிய பிறகு பெயருக்கு வாருங்கள். அதற்கு மூன்று படி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் செகுவான் என்ற வைத்தியர் கையாண்டதை மொன்டிசோரி எடுத்துக்கொண்டார். முதல் படியில் நீங்கள் சொல்கிறீர்கள்: “இந்த மூடி சிவப்பு, இந்த மூடி நீலம்.” இரண்டாம் படியில் பிள்ளை செய்கிறது: “நீலத்தை என் கையில் வை. சிவப்பைக் கதிரைக்குக் கீழே ஒளித்து வை.” மூன்றாவதில்தான் “இது என்ன நிறம்?” நாம் எல்லோரும் பிழை விடுவது இங்கேதான். முதல் படியிலிருந்து மூன்றாவதுக்குப் பாய்ந்துவிடுகிறோம். இரண்டாம் படியில் நாட்கணக்காக இருங்கள். அதில் பிள்ளை வாய் திறக்கத் தேவையில்லை, வெட்கப்படவும் ஒன்றும் இல்லை, விளையாட்டாகவே போகும். மூன்றாவதில் பிழை வந்தால் “பிழை” என்று சொல்லாமல் அப்படியே முதல் படிக்குத் திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று: ‘சிவப்பு’, ‘சிவப்பில்லை’ என்று இரண்டே சிரட்டை வைத்தும் ஒருநாள் விளையாடுங்கள். எங்கே சிவப்பு முடிகிறது என்று தெரிந்தால்தான் சிவப்பு முழுதாகத் தெரிந்த மாதிரி. அதேபோல ஒரு நிறத்துக்குள்ளேயே எத்தனை விதம் என்றும் காட்ட வேண்டும். வாழைக்குருத்து, முற்றிய மாவிலை, கிணற்றுப் பாசி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றும் பச்சை என்று சொல்லுங்கள். ஜன்னல் ஓரத்தில், பகல் வெளிச்சத்தில் வையுங்கள். மஞ்சள் பல்பின் கீழே வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும்.

ஊரிலிருந்தே உதாரணம் எடுப்பது நல்லதுதான், ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். கடலைக் காட்டி நீலம் சொல்லிக்கொடுக்காதீர்கள். புத்தகத்தில் கடல் நீலம். நம் பிள்ளைகள் கடலோடு பிறந்தவர்கள், அவர்களுக்கு அது எத்தனை நிறம் என்று நம்மை விட நன்றாகத் தெரியும். டச்சு விரிகுடாவில் மத்தியானம் கரையோரம் பச்சையாக இருக்கும், கோணேசர் மலையிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே கருநீலம், மாரி மழை கொட்டும்போது சாம்பல். ஒரு பெண்பிள்ளை கடலுக்குச் சாம்பல் பூசியதற்காக ஒரு காலத்தில் நான் படத்தைத் திருத்தினேன். அது மார்கழி மாதம். அவள் ஜன்னலால் பார்த்ததைத்தான் பூசியிருந்தாள். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் சுடுகிறது. நிறம் உறுதியாகப் பதிந்த பிறகு, ஒரு நாள் கடற்கரைக்குக் கூட்டிப்போய் “இன்றைக்குக் கடலில் என்னென்ன நிறம்?” என்று கேளுங்கள். அப்போது கேட்டால் அருமையான கேள்வி.

தோடம்பழமும் இப்படி. செம்மஞ்சளைத் ‘தோடம்பழ நிறம்’ என்போம், நம் நாட்டுத் தோடம்பழத்தின் தோலோ பச்சை. செவ்விளநீர் பேரில் செம்மை இருக்கிறது, குலையைப் பார்த்தால் செம்மஞ்சள். ‘பச்சை’ என்ற சொல்லுக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன: பச்சைத் தண்ணி, பச்சையரிசி, பச்சைப் பிள்ளை. ஒரு பிள்ளை கோப்பையை உற்றுப் பார்த்து, “தண்ணி பச்சையில்லையே ரீச்சர்” என்றால் அது மிக நல்ல அடையாளம், சொல்லைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஊர்ப் பெயர்களும் உதவும். சாம்பல்தீவு, வெள்ளைமணல் என்று நம்மைச் சுற்றியே நிறம் இருக்கிறது. அடுப்பிலிருந்து ஒரு கைப்பிடி ஆறிய சாம்பல் கொண்டுபோய்க் காட்டினால் சாம்பல் நிறத்துக்கு வேறு பாடமே வேண்டாம். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான் கபிலம், புள்ளி வெள்ளை. கோயில் மதில் ஒரு பட்டை சிவப்பு, ஒரு பட்டை வெள்ளை.

பிள்ளைகளுக்குக் கஷ்டமான செம்மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் நான் கண்ட சுகமான வழி காசு. 2011இல் வந்த தாள்களில் 50 ரூபாய் நீலம், 100 ரூபாய் செம்மஞ்சள், 500 ரூபாய் ஊதா, 1000 ரூபாய் பச்சை. கடைக்குப் போகும் பிள்ளை எண்ணை வாசிக்கப் பழகும் முன்பே நிறத்தைப் பார்த்துத்தான் தாளை அறிகிறது. நிறக் கடதாசியை வெட்டி ‘காசு’ செய்து, மேசையில் கடை போடுங்கள். “பனிஸ் ஒன்று, செம்மஞ்சள் காசு தாங்கோ” என்று நீங்கள் கேட்டால் போதும், மூன்றே நாளில் வகுப்பு முழுக்கச் செம்மஞ்சள் என்ற சொல் புழங்கும்.

வித்தை காட்ட விரும்பினால் சமையல் மஞ்சள் இருக்கிறது. வெள்ளைத் துணியில் மஞ்சள் தண்ணீரைத் தடவிக் காயவிட்டு, ஈரச் சவர்க்காரத்தால் ஒரு கோடு இழுங்கள். கோடு சிவக்கும். ஆலாத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான், அதில் சவர்க்காரத்துக்குப் பதில் சுண்ணாம்பு. வகுப்பில் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. நீலக் காக்கணம் பூவை வெந்நீரில் ஊறவைத்த நீலச் சாற்றில் தேசிக்காய் பிழிந்தால் ஊதாவாகும். அப்படியே ஒரு எச்சரிக்கையும்: சிவப்புக்கும் கறுப்புக்கும் அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். உடைந்தோ மென்றோ உள்ளே போனால் கடும் நஞ்சு. மஞ்சள் அலரியின் காயும் பூவும் அதேபோல. மூடிகளையும் வாயில் போடும் பழக்கம் உள்ள சின்னவர்களிடம் தனியே விடாதீர்கள்.

ஆங்கிலத்துக்கு வருவோம். நம் ஊரில் ஒரு பிள்ளை வீட்டில் ‘நீலம்’ கேட்கிறது, முன்பள்ளியில் ‘புளூ’, பக்கத்து வீட்டில் சிங்களத்தில் ‘நில்’. அந்த ‘நில்’ தமிழில் ஓடாதே என்று சொல்வதற்கும் வரும்! சிங்களத்தில் ‘கொள’ என்றால் இலையும்தான், பச்சையும்தான். மூன்று மொழியும் காதில் விழுவது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த கொடை, அதைத் தடுக்காதீர்கள். ஆனால் ஒரே மூடியைக் காட்டி ஒரே மூச்சில் “நீலம், புளூ” என்று சொன்னால், இரண்டில் எது நிறம், எது மூடி என்று பிள்ளை திணறும். வீட்டு மொழியில் நாலு நிறம் உறுதியாகட்டும். அதற்குப் பிறகு ஆங்கிலச் சொல் ஒட்டிக்கொள்ள எடுக்கும் நேரம் மிகக் கொஞ்சம். பெற்றோரிடம் இதை ஒரு கூட்டத்தில் நேராகச் சொல்லுங்கள், கேட்பார்கள். அதே கூட்டத்தில் வீட்டுச் சொற்களையும் பேசி முடித்துவிடுங்கள். ஒரு வீட்டில் மண்ணிறம், இன்னொரு வீட்டில் கபிலம். ஒரு வீட்டில் ஊதா, இன்னொரு வீட்டில் கத்தரிப்பூ நிறம். எதுவும் பிழையில்லை, முதல் தவணைக்கு ஒன்று போதும்.

நான் விட்டுக்கொடுக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பெட்டியில் வெளிறிய ஒரு பென்சில் இருக்குமே, அதைத் ‘தோல் நிறம்’ என்று சொல்லாதீர்கள், பிள்ளைகள் சொன்னாலும் மெல்லத் திருத்துங்கள். யாருடைய தோல் அது? வகுப்பில் 18 பேரில் ஒருவருக்கும் அந்த நிறம் இல்லை. கையைக் கடதாசியில் வைத்துச் சுற்றி வரையச் சொல்லி, தன் கைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு பென்சிலாகப் பிடித்துப் பார்த்துப் பூசச் சொல்லுங்கள். கபிலத்துக்குள் எத்தனை விதம் இருக்கிறது என்று அன்றைக்கு நீங்களே பார்ப்பீர்கள். ‘கறுப்பி’ என்று கூப்பிடப்பட்டு ஒடுங்கிப்போன ஒரு பிள்ளை, தன் கைக்குப் பொருந்திய பென்சிலைக் கண்டுபிடித்து நிமிர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, எவ்வளவு பொறுமையாகச் செய்தாலும் மூடியையே பிரிக்க முடியாத பிள்ளை ஒன்று எப்போதாவது வரும். பெயர் வராவிட்டால் பயப்பட வேண்டாம். பிரிக்க வராவிட்டால் கவனியுங்கள், அதுவும் சிவப்பு, பச்சை, கபிலம் மூன்றுக்கும் நடுவில் திரும்பத் திரும்ப மாறினால். ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் ஏறத்தாழ 8 வீதத்தினருக்கு இந்த நிறப்பார்வைக் குறை இருக்கிறது, ஆசியாவில் அதைவிடக் குறைவு, பெண்களில் மிக அரிது. ஆண் பிள்ளைக்கு இது தாய் வழியாகத்தான் வருகிறது, தாய்க்குப் பெரும்பாலும் எந்தக் குறையும் தெரியாது. 1917இல் ஜப்பானிய வைத்தியர் இஷிஹாரா வெளியிட்ட புள்ளிப் படங்களைக் கண் கிளினிக்கில் காட்டிப் பார்ப்பார்கள். எண் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு விரலால் தடம் பிடிக்கும் படங்களும் அதில் உண்டு.

என்னிடம் அப்படி ஒருவன் இருந்தான். இலைக்குக் கபிலம் பூசுவான், பழுத்த மிளகாயையும் காயையும் பிரிக்கத் தெரியாது, அதற்காக ஏச்சும் வாங்கியிருக்கிறான். தாயைக் கூப்பிட்டுப் பேசினேன். அவ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னா. மீன்பிடிக்காரர், இரவில் தூரத்து வள்ளத்தின் விளக்கைப் பார்த்து இடப்பக்கத்துச் சிவப்பா வலப்பக்கத்துப் பச்சையா என்று எப்போதும் பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்பாராம். கண் சரியில்லை என்று யாரும் நினைக்கவில்லை, கவனம் பத்தாது என்று நினைத்தார்களாம். அடுத்த நாள் பென்சில்களில் சின்னக் கடதாசித் துண்டு சுற்றி ‘சி’, ‘ப’, ‘நீ’, ‘க’ என்று எழுதி ஒட்டினேன். அவனுடையதில் மட்டும் ஒட்டினால் மற்றவர்கள் ஏன் என்று கேட்பார்கள், அதனால் வகுப்பில் இருந்த எல்லாப் பென்சிலுக்கும் ஒட்டினேன்.